புத்தகம் உள்ள வாளும் புத்தகம் இல்லாத கம்பும்

ஹேமா என்றால் எல்லோரும் முதலில் ஒரு பெண்ணின் பெயர் என்றுதான் நினைக்கிறார்கள். எங்களில் ஒருவனின் போனில் நடுச்சாமத்தில் அந்தப் பெயர் தேடப்பட்டிருந்ததைக் கண்டு அவனுடைய உம்மா இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை. விஷயம் அவ்வளவு சுவாரசியமானது இல்லை. ஐரோப்பாவின் பழைய போர்க்கலைகளைக் குறிக்கும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து ஹேமா ஆகியிருக்கிறது. ஆறு நூறு, ஏழு நூறு வருசத்துக்கு முந்தி எழுதப்பட்ட வாள் பயிற்சிப் புத்தகங்களைத் தேடி வாசித்து, அதில் உள்ளபடி நின்று, வீசி, பிறகு முகமூடியும் தடித்த சட்டையும் போட்டுக்கொண்டு மொட்டை வாளால் மோதிப் பார்க்கிற ஆட்கள் இன்று உலகம் முழுக்க இருக்கிறார்கள். 2020 ஊரடங்கு நாட்களில் நிந்தவூரில் வீட்டுக்குள்ள கிடந்த நாங்கள் ஏழு பேர் அந்த வீடியோக்களுக்குள் விழுந்தோம். இன்னும் முழுசா எழும்பவில்லை.

முதலில் எங்களைப் பிடித்தது வாள் இல்லை, அந்தக் கலை செத்துப்போன விதம். துப்பாக்கி வந்தது, உடுப்பு மாறியது, நீள வாள் தூக்கிக்கொண்டு திரிய வேண்டிய தேவை போய்விட்டது. மிஞ்சிய மெல்லிய வாளும் கடைசியில் ஒலிம்பிக் விளையாட்டாக ஒடுங்கியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் அல்பிரட் ஹட்டன், எகர்டன் காசில் என்ற இரண்டு பேர் பழைய புத்தகங்களைத் தோண்டி எடுத்துப் பழகத் தொடங்கினார்கள். காசிலின் நூல் 1885இல் வந்தது. ஹட்டன் இந்தியாவில் சேவை செய்த ஆங்கிலப் பட்டாள அதிகாரி. அவர் 1910இல் இறந்தார், நாலு வருசத்தில் முதலாம் உலகப் போர் வந்தது, அந்த முயற்சியும் அத்தோடு அடங்கியது. 1990களில் இணையம் வந்து, நூலகங்களில் கிடந்த ஏடுகளின் படங்கள் கைக்குக் கை மாறத் தொடங்கிய பிறகுதான் மூன்றாவது உயிர். ஆக, இன்றைக்கு அந்த வாளைச் சொல்லித் தருகிற ஒருவருக்கும் தன் வாத்தியாரின் வாத்தியாரின் வாத்தியார் என்று விரல் மடித்துப் போகிற சங்கிலி கிடையாது. அவர்களிடம் இருப்பது ஏடு.

ஆனால் என்ன ஏடுகள்! இருப்பவற்றில் மிகப் பழையது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள அரச ஆயுதக் காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் 1300க்குப் பிறகு லத்தீனில் எழுதியது. 64 பக்கம், பக்கத்துக்குப் பக்கம் படம். ஒரு பாதிரியார் தன் மாணவனுக்கு வாளும் சின்ன வட்டக் கேடயமும் சொல்லிக் கொடுக்கிறார். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் ஜெர்மனியின் கோத்தா நகர நூலகத்திலிருந்து காணாமல் போய், 1950இல் லண்டன் ஏலத்தில் வெளியே வந்த புத்தகம் அது. ஏலத்தில் வேறு யாராவது வாங்கி அலமாரிக்குள் பூட்டியிருந்தால் ஒரு முழுக் கலை போயிருக்கும்.

14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யோஹன்னஸ் லீக்டெனாவர் என்ற ஜெர்மானிய ஆசானின் கதை இன்னும் எங்களுக்குக் கிட்ட வருகிறது. அவர் தன் வித்தையைக் கவியாகக் கட்டினார், அதையும் வேண்டுமென்றே விளங்காதபடி. படித்தவனுக்கு அது ஞாபகக் குறிப்பு. வெளியாளுக்கு வெறும் உளறல். பிறகு வந்தவர்கள் வரிக்கு வரி உரை எழுதி வைத்ததால்தான் இன்று கொஞ்சமாவது விளங்குகிறது. அவருடைய அடிப்படை நிலைகள் நான்கு. அதில் ஒன்றுக்குப் பெயர் எருது: தலைப்பக்கம் வாளை உயர்த்தி, முனையைக் கொம்பு மாதிரி எதிரியின் முகத்துக்கு நீட்டுவது. இன்னொன்று ஏர்: கைப்பிடி இடுப்போடு, முனை மேல்நோக்கி, மேழி பிடித்து நிற்கிறவனின் சாயல். இன்னொன்று முட்டாள்: வாளைக் கீழே விட்டு, அடிக்க வா என்று சும்மா நிற்பது. வட்டைக்குள் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எங்களில் ஒருவனின் வாப்பா விவசாயி. மகன் 'ஏர்' நிலையில் நின்றதைப் பார்த்துவிட்டு, "உழுறெண்டா இடுப்பக் கொஞ்சம் தாழ்த்தணும் மனே" என்று திருத்தினார். அவன் தாழ்த்தினான். நிலை சரியாகிவிட்டது.

இத்தாலியின் பியோரே டெய் லிபேரி 1410ஐ ஒட்டி எழுதிய நூலின் நான்கு பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன. அதில் ஒரு பக்கத்தில் மனிதன் ஒருவனைச் சுற்றி நான்கு மிருகங்கள்: அவதானத்துக்கு ஒரு காட்டுப்பூனை, வேகத்துக்குப் புலி, தைரியத்துக்குச் சிங்கம், உறுதிக்கு முதுகில் கோட்டை சுமந்த யானை. யானை நிற்பது காலடியில். நில் என்றால் யானை மாதிரி நில் என்று அர்த்தம். வேளாண்மைக்குள் யானை இறங்கினால் பட்டாசோடு ஓடுகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தப் படத்தைப் பார்த்து நாங்கள் நல்லாச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. ஏட்டில் இருப்பது நின்ற படம். வாள் இங்கே இருக்கிறது, அடுத்த படத்தில் அங்கே இருக்கிறது. இடையில் என்ன நடந்தது? எந்தக் கால் முதலில் போனது? பாரம் முன்காலிலா பின்காலிலா? மூச்சு எப்போது? அந்த இடைவெளியை நிரப்பத்தான் அவர்கள் முப்பது வருசமாகச் சண்டை பிடிக்கிறார்கள். ஒருவர் ஒரு விளக்கம் சொல்வார், மற்றவர் முகமூடியை மாட்டிக்கொண்டு "சரி, என்மேல் செய்து காட்டு" என்பார். விளக்கம் வேலை செய்யாவிட்டால் திரும்பவும் ஏட்டுக்குப் போவார்கள். அறிவு, அடி, அறிவு, அடி என்று போகிற இந்த முறை எங்களுக்கு வாளைவிடப் பிடித்தது.

நாங்களும் செய்து பார்க்காமல் விடவில்லை. தச்சுப் பட்டறையில் கழித்த பலகையில் நாலு வாள் அறுத்து எடுத்தோம். பிவிசி குழாய்க்கு ஸ்பொஞ்ச் சுற்றி இன்னும் நாலு. கிரிக்கெட் ஹெல்மட், துடுப்பாட்டக் கையுறை. கடற்கரையில் அஸருக்குப் பிறகு பயிற்சி. கடலரிப்பால் அந்த இடமும் இரண்டு முறை மாறியது. மரவாளை வீட்டுக்குக் கொண்டுபோன அன்றைக்கு ஓர் உம்மா வாசலிலேயே மறித்தார். "மரத்தில செஞ்சாலும் வாள் வாள்தான். வீட்டுக்குள்ள வராது."

அந்தப் பயத்தைப் பழசு என்று யாரும் சொல்ல வேண்டாம். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு, அந்த மாதம் 26ஆம் திகதி இரவு பக்கத்து ஊரான சாய்ந்தமருதில் குண்டு வெடித்த பிறகு, இந்தக் கரையோரத்தில் ஒவ்வொரு வீடும் தன்னைத் தானே சோதனை போட்டது. மே மாதத் தொடக்கத்தில், வீட்டில் வாளோ பெரிய கத்தியோ இருந்தால் ஒப்படைக்கும்படி பொலிஸ் நாடு முழுக்க அறிவித்தது. தேங்காய் வெட்டுகிற கத்தியைப் பார்த்தே உம்மாமார் யோசித்த நாட்கள். முஸ்லிம் வீட்டில் வாள் என்ற சொல்லே டீவியில் ஒரு செய்தியாக இருந்த காலம். ஜெர்மனியில் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரும்பு வாளை மோட்டார் காருக்குப் பின்னால் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போவதும், நாங்கள் பலகை வாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போவதும் ஒன்றில்லை. இரும்பு வாள் எங்களுக்கு எந்தக் காலத்திலும் வேண்டாம் என்று ஏழு பேரும் பேசி முடிவெடுத்தோம். அதில் எங்களுக்கு வருத்தமும் இல்லை.

வாளை விட்டுக் கம்புக்கு வந்தது அப்படித்தான்.

எங்கட ஊர்களில் சீனடி, சிலம்படி என்று ஒன்று இருந்ததும் இன்னும் அங்கங்கே மிச்சம் இருப்பதும் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை ஊர்வலத்திலும் சுன்னத்துக் கலியாணத்திலும் பொல்லடிக்காரர் ஒரு பக்கம், கம்பு வீசுகிறவர்கள் இன்னொரு பக்கம் என்று போன கதையை மூத்தம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஏன் சீனடி என்று பெயர் என்றால் சீனாவிலிருந்து வந்தது என்பார்கள். எங்கட பார்வையில் அந்தப் பெயர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக ஏலாது. வெறுங்கையில் சில பாடம், கம்பில் பல பாடம், கடைசியில் கத்தியும் வாளும். கம்பின் நீளம் பிடிக்கிறவனின் நெற்றி மட்டம். எல்லாம் சலாம் வரிசையில் தொடங்கும்: மண்ணைத் தொட்டு, வாத்தியாருக்குக் கை கொடுத்து, பார்க்கிறவர்களுக்குக் கம்பால் சலாம் போட்டு, மறுகா தான் அடி.

எங்களுக்குக் கிடைத்த அண்ணாவியாருக்கு எழுபத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டது. கதிரையில் இருந்து எழும்ப ஓர் ஆள் பிடிக்க வேண்டும். கம்பைக் கையில் கொடுத்தால் மட்டும் பிடிக்கத் தேவையில்லை. அவரிடம் அவருடைய வாப்பா காலத்து விளையாட்டு வாள் ஒன்று இருந்ததாம். மெல்லிய தகடு, வாய் இல்லாதது, வீசினால் சத்தம் மட்டும் வரும். அந்த 2019 மே மாதத்தில் மகன் அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போய் வெறுங்கையோடு வந்தார். எங்கே கொடுத்தார், எங்கே போட்டார் என்று அண்ணாவியார் இன்றுவரை கேட்கவில்லை. வாள் வீச்சு சொல்லித் தரும்போது ஒரு கமுகஞ்சிலாகையைத்தான் பிடிக்கிறார். சிலாகை அந்தச் சத்தத்தைப் போடாது. அவர் வாயால் போடுகிறார்.

ஹேமாக்காரர்களிடம் படித்த கேள்விகளை நாங்கள் அவரிடம் கொண்டுபோனோம். அவர் எங்களை நல்ல பிள்ளைகள் என்றும் கொஞ்சம் மண்டை பிசகிய பிள்ளைகள் என்றும் நினைத்திருப்பார். எந்தக் கால் முதல்? கம்பின் எந்த நுனி? எதிராளி எவ்வளவு தூரம்? அவருக்கு இதுக்கெல்லாம் பதில் தெரியாது. அவருடைய காலுக்குத் தெரியும். மெல்லச் செய்து காட்டுங்க என்றால் ஏலாது. நடுவில் நிப்பாட்டினால் திரும்ப சலாத்திலிருந்து தொடங்குவார். மத்ரசாவில் சின்ன வயதில் சூறா ஓதும்போது நடுவில் தடக்கினால் முதல் ஆயத்துக்கே போவோம்தானே, அதே மாதிரி. நின்ற படத்தை வைத்துக்கொண்டு ஓட்டத்தைத் தேடுகிறார்கள் அவர்கள். எங்களிடம் இருப்பது நிற்கவே தெரியாத ஓட்டம். அதை நிப்பாட்டிக் கொப்பியில் போட வேண்டும், அவர் இருக்கிறபோதே.

போனில் வீடியோ எடுத்தால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எடுத்தோம், நாற்பதுக்கு மேல் இருக்கும். வீடியோ காட்டுவது கை போன இடத்தை. கை ஏன் அங்கே போனது என்பதை அது சொல்லாது. இதை நாங்கள் கண்டது இப்படி: இரண்டாவது வரிசையில் தலைக்கு ஓர் அடி போட்டதும் ஒரு முழுச் சுற்றுக் கிறுகி, எதிராளிக்கு முதுகைக் காட்டி, மறுபடி முகம் வர வேண்டும். பார்க்க நல்ல வடிவு. ஸ்பொஞ்ச் சுற்றிய குழாயை எடுத்து நிசமாகவே மோதியபோது, கிறுகுகிறவன் ஒவ்வொரு முறையும் முதுகில் வாங்கினான். ஐந்து தரம், பத்துத் தரம், எல்லாத் தரமும். கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணாவியார் கடைசியில் சிரித்தார்.

"அது கலியாணத்துக்குடா மனே. ஆக்கள் பாக்க வேணுமே. சண்டைக்கெண்டா இப்புடி" என்று எழும்பி, அரைக் கிறுகல் மட்டும் கிறுகி, கம்பின் பின்நுனியால் தன் விலாவை மூடிக்கொண்டு நின்றார்.

எழுபத்தெட்டு வயதில் இதை முதன்முறையாக ஒருவர் கேட்கிறார்கள் என்பதால்தான் அந்த அரைக் கிறுகல் வெளியே வந்தது. அவரிடம் முப்பது வருசம் படித்த பழைய மாணவர்களுக்கும் முழுச் சுற்றுத்தான் தெரியும். கேட்கவில்லை, கொடுக்கவில்லை. கலியாண வீட்டில் கைதட்டு வாங்கிய வடிவம் பிழைத்துக்கொண்டது, மற்றது ஓர் ஆளின் விலாவுக்குள் ஒளிந்திருந்தது. அன்று முதல் கொப்பியில் இரண்டு நிரல் போட்டோம்: ஒன்று 'கலியாணம்', மற்றது 'சண்டை'. ஐரோப்பாவிலும் இதே தலையிடி இருக்கிறது. 1570இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் அச்சான யோவாக்கிம் மேயரின் பெரிய நூலில் எது மேடைப் போட்டிக்கு, எது உயிருக்கு என்று இன்றும் விவாதிக்கிறார்கள். கேட்க மேயர் இல்லை. எங்களிடம் கேட்க ஆள் இருக்கிறார், கதிரையில்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஏழு பேரில் இரண்டு பேர் பெண்கள். லீட்ஸ் ஏட்டின் கடைசிப் பக்கங்களில் திடீரென்று மாணவனின் இடத்தில் ஒரு பெண் நிற்கிறாள். பெயர் வால்புர்கிஸ். பாதிரியாரோடு சமமாக வாள் பிடிக்கிறாள். யார், எங்கிருந்து வந்தாள் என்று ஏடு ஒரு சொல் சொல்லவில்லை. எங்கட பெண்களுக்குக் கடற்கரை சரிவராது. அண்ணாவியாரின் வளவுதான் அவர்களுக்குக் களம், தகரவேலி மறைப்பு. அங்கே போன பிறகு தெரிந்தது, அவருடைய பேத்திக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும் என்று. ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சின்ன வயதிலிருந்து குசினி வாசலில் நின்று பார்த்தது. அவளை ஒருவரும் மாணவர் கணக்கில் சேர்த்ததும் இல்லை. இப்போது அண்ணாவியாரின் கால் ஏலாத இடத்தில் அவள் கால்தான் எங்களுக்குச் சாட்சி. ஏஎல் பரீட்சை முடியட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று அவளுடைய உம்மா சொல்லியிருக்கிறார். நாங்கள் அந்த 'பிறகு'க்காகக் காத்திருக்கிறோம்.

கம்பு இப்படி ஒடுங்கியதற்கு எல்லோரும் ஒரு காரணம் சொல்வார்கள். போர்க்காலத்தில் இரவில் கம்போடு ஊர்வலம் போக ஏலாது. ஆட்டமும் மேளமும் மார்க்கத்துக்கு ஆகாது என்று விலக்கியவர்கள் இருந்தார்கள், அவர்கள் சொல்வதில் மரியாதை வைத்தே பலர் விட்டார்கள். பெரிய காரணம் ரியூசன் என்பது எங்கட எண்ணம்: அந்தி நேரம் ஒரு பிள்ளையும் வீட்டில் இல்லை. மற்ற இடங்களிலும் கலை அறுந்துதான் தொடர்ந்திருக்கிறது. 1818 ஊவா கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் தடை செய்ததால் தங்கள் கலை குடும்பங்களுக்குள் ஒளிந்தது என்று அங்கம்பொரக்காரர்கள் சொல்கிறார்கள். கேரளாவில் களரிப் பயிற்று 1920களில் தலச்சேரிப் பக்கத்தில் கோட்டக்கல் கணாரன் குருக்கள் போன்ற கிழவர்களிடமிருந்து திரும்ப எடுக்கப்பட்டது. அங்கேயும் எடுத்தவர்கள் ஏட்டை நம்பவில்லை, கிழவர்களைத்தான் பிடித்தார்கள். எங்கட ஊரில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. சட்டத்தரணி எஸ். முத்துமீரான் நிந்தவூரில் இருந்துகொண்டு கிழக்கு முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களையும் பழமொழிகளையும் வாய்வழியாகக் கேட்டுத் திரட்டி நூலாக்கியவர். வாயில் இருந்தது தாளுக்கு வந்துவிட்டது. காலிலும் தோளிலும் இருப்பதைத் தாளுக்குக் கொண்டுவருவது கஷ்டமான வேலை, அதை ஒருவரும் தொடவில்லை.

தாளுக்கு வரவே கூடாது என்று அவரே நினைப்பதும் இருக்கிறது. புலிக்குப் பூனை எல்லாம் சொல்லிக் கொடுத்து, மரம் ஏறுவதை மட்டும் கொடுக்காத கதை எல்லோருக்கும் தெரியும். அண்ணாவியார் அந்தக் கதையைச் சிரிக்காமல் சொல்வார். மூன்று அடிகள் இருக்கின்றன. அவருக்கு அவருடைய ஆசான் சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்தது. எங்களுக்குக் கையில் காட்டினார், அதற்கு முன்னால், "இத போன்ல எடுக்கப்படாது. கொப்பியிலயும் போடப்படாது. ஒங்கட கைக்கு மட்டும்" என்றார். கழுத்துக்கும் முழங்காலுக்கும் போகிற அடிகள். யாருக்கும் கொடுக்க ஏலாது என்பது நியாயம்தான். ஆனால் எங்களுக்குள் இதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி சொல்கிறது: லீக்டெனாவர் மறைத்துச் சொன்னார், யாரோ ஒருவர் அந்த மறைப்பை உடைத்து உரை எழுதியதால்தான் இன்றைக்கு அது இருக்கிறது. நாங்களும் எழுதி மூடிவைப்போம், அம்பது வருசத்துக்குப் பிறகு யாராவது திறக்கட்டும். மற்றக் கட்சி சொல்கிறது: லீக்டெனாவர் எங்களுக்கு முன்னால் கதிரையில் இருந்து சத்தியம் கேட்கவில்லை, இவர் கேட்டார். அன்றைக்கு போன் ஏழும் திண்ணையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. இப்போதைக்கு அந்த மூன்றும் கொப்பியில் இல்லை. வாரத்தில் ஒரு தரம் அந்த மூன்றையும் தங்களுக்குள் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு கட்சியும் ஒன்று.

மொத்தம் பதினெட்டு வரிசை என்று அவருடைய ஆசான் சொல்வாராம். அவர் கையில் இருப்பது பதினொன்று. மற்ற ஏழும் அவருடைய ஆசானோடு போய்விட்டன, அல்லது ஆசானுக்கே கிடைக்கவில்லை. அந்த ஏழுக்கு இனி ஏடும் இல்லை, ஆளும் இல்லை. பதினொன்றில் ஆறு கொப்பியில் ஏறிவிட்டது. ஒவ்வொரு வரிசைக்கும் காலடி வரைந்து, இலக்கம் போட்டு, பாரம் எந்தக் காலில் என்று கறுப்படித்து, பக்கத்தில் அவர் சொல்லும் சொல்லையே எழுதுகிறோம்: வாங்கு, தட்டு, ஏறு, கிறுகு, விலாவை மூடு.

ஏழாவதில் நிற்கிறோம். நாலாவது அடியில் இடக்கால் எங்கே என்பதில் பிரச்சினை. அண்ணாவியார் அதை வலக்காலுக்குப் பின்னால் வைக்கிறார். பேத்தி பக்கவாட்டில் வைக்கிறாள், மூத்தவாப்பாட முழங்கால் நல்லா இருந்த காலத்தில அங்கதான் வெச்சவங்க என்கிறாள். அவர் இல்லை என்கிறார். ஸ்பொஞ்ச் குழாயோடு மோதிப் பார்த்தோம், இரண்டும் வேலை செய்கிறது. இரண்டையும் வரைந்து, மேலே இரண்டு பேரின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு எட்டாவது.